எல்லைப்புறப் பள்ளியில் சிறப்புக் கல்வி

வகுப்பில் பின்தங்கி நிற்கும் குழந்தையைப் பற்றிச் சொல்லுவதற்கென்று நம்மிடம் சில சொற்கள் வழக்கமாக இருக்கின்றன. மந்தம், கவனக்குறைவு, சோம்பல் என்பவை அவற்றுள் நாகரிகமானவை. மற்றவற்றை இங்கே சொல்ல வேண்டியதில்லை. இச்சொற்கள் எதையும் விளக்குவதில்லை. ஆயினும், ஒருமுறை சொல்லப்பட்டுவிட்டால், அடுத்த வகுப்பு ஆசிரியரின் காதுக்கும், பிறகு பெற்றோரின் காதுக்கும், கடைசியில் அக்குழந்தையின் காதுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. இத்தகைய சொற்களை விலக்கி, அவற்றின் இடத்தில் பொருள் வரையறுத்த சொற்களை வைத்து, அவற்றுக்குச் சட்டத்தின் துணையையும் தேடித் தந்தது சிறப்புக் கல்வித் துறை. அச்சொற்களும் சட்டங்களும், இரண்டு மொழிகள் கலந்து வழங்கும் எல்லைப்புறப் பள்ளியின் ஆசிரியர்களுக்கு எவ்வாறு பயன்படும் என்பதே இப்பேச்சின் பொருள்.

எல்லைப்புறம் என்று நான் குறிப்பிடுவது பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கிராமங்களை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், திருவிதாங்கூர்–கொச்சி இராச்சியத்தில் இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை இராச்சியத்துடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அவற்றை அடுத்திருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே மாநில எல்லை அமைந்தது. ஆனால் சந்தையும், திருமண உறவும், நாவின் வழக்கும் எல்லைக் கல்லைப் பார்த்து நின்றுவிடுவன அல்ல. தாயின் ஊர் ஒரு மாநிலத்திலும் தந்தையின் ஊர் மற்றொரு மாநிலத்திலுமாக வளரும் குழந்தைகள் அங்கே பலர். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம், சில புத்தகங்களில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே அவர்கள் எழுத்தறிவு பெறவேண்டியிருக்கிறது.

அந்த எல்லை நடைமுறைக்கு வந்த அதே நாளில் நம் அரசியலமைப்பில் 350-அ என்னும் பிரிவும் நடைமுறைக்கு வந்தது. ஏழாவது திருத்தத்தின் வாயிலாகச் சேர்க்கப்பட்ட அப்பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிலேயே கற்பிக்கப் போதிய வசதி செய்து தரவேண்டும் என்று கூறுகிறது. நான் சொல்லப்போகும் செய்திகளுக்கெல்லாம் இதுவே அடித்தளம். ஏனெனில் தாய்மொழியை விட்டுவிட்டு ஒரு குழந்தையின் குறையை அளப்பது முடியாத காரியம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். குறைபாடு வேறு, இயலாமை வேறு. ஒரு சிறுமிக்குப் பார்வை மங்கலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது கண்ணில் உள்ள குறைபாடு. அவளைக் கடைசிப் பலகையில் உட்காரவைத்து, கரும்பலகையில் சிறிய எழுத்தில் எழுதி, 'படி' என்றால், அவளால் படிக்க இயலாது. அந்த இயலாமையில் கண்ணுக்கு ஒரு பங்கும் வகுப்பறைக்கு ஒரு பங்கும் உண்டு. முன்வரிசையில் இடமும், பெரிய எழுத்துப் புத்தகமும், தக்க கண்ணாடியும் கொடுத்தால், கண் மாறாமலே இயலாமை பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்தக் கருத்தையே வரையறையாகக் கொண்டிருக்கிறது. நெடுங்காலக் குறைபாடு உடைய ஒருவர், சூழலிலுள்ள தடைகளை எதிர்ப்படும்போது, மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்குகொள்ள முடியாமற் போவதே அச்சட்டத்தின் பார்வையில் இயலாமை. தடைகளை அகற்றுவது ஆசிரியரின் கையிலும் இருக்கிறது என்பது இதிலிருந்து பெறப்படும்.

அடுத்து, கல்வி முறையைக் குறிக்கும் மூன்று சொற்கள். பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் எனத் தனித்தனிப் பள்ளிகள் நடத்துவது சிறப்புப் பள்ளி முறை. அக்குழந்தைகளைப் பொதுப் பள்ளியில் சேர்த்து, பள்ளியின் போக்கு மாறாமல், குழந்தையே அதற்கு ஏற்பப் பழகிக்கொள்ளும்படி விடுவது ஒருங்கிணைந்த கல்வி. எல்லாக் குழந்தைகளும் ஒன்றாகக் கற்பதற்கு ஏற்பப் பள்ளி தன் கட்டடத்தையும், பாடத்தையும், தேர்வையும் மாற்றிக்கொள்வது உள்ளடங்கிய கல்வி. நம் நாட்டில் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, இக்குழந்தைகளின் கல்வி பொதுக்கல்வியின் பிரிக்கமுடியாத பகுதியாக வேண்டும் என்று வற்புறுத்தியது. 1974இல் ஒருங்கிணைந்த கல்விக்கான மத்திய அரசுத் திட்டம் தொடங்கியது. உள்ளடங்கிய கல்வி என்னும் கொள்கை, 1994இல் ஸ்பெயின் நாட்டு சலமன்கா நகரில் கூடிய உலக மாநாட்டுக்குப் பிறகு எங்கும் பரவியது.

இனிச் சட்டங்கள். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம், சிறப்புக் கல்வி ஆசிரியர்களின் பயிற்சியையும் பதிவையும் ஒழுங்குபடுத்தியது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை இயலாமைகளை ஏற்று, பதினெட்டு வயது வரை இலவசக் கல்விக்கு வழி செய்தது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையவர்களின் பாதுகாப்பைக் கருதியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பயிற்றுமொழி இயன்ற அளவு குழந்தையின் தாய்மொழியாக இருக்கவேண்டும் என்று கூறும் விதி இச்சட்டத்திலும் இருக்கிறது. 2012இல் செய்யப்பட்ட திருத்தம் மாற்றுத்திறன் உடைய குழந்தைகளை இச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் தெளிவாகக் கொண்டுவந்தது. கடுமையான குறைபாடு உடையவர்கள் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையையும் அது தந்தது. இது குடும்பம் விரும்பினால் கொள்ளத்தக்க உரிமை. பள்ளி தன் வசதிக்காகக் குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதற்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை.

2007இல் நம் நாடு ஏற்று உறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் விளைவாகப் பிறந்தது, மேலே சொன்ன 2016ஆம் ஆண்டுச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஏழாக இருந்த வகைகள் இதில் இருபத்தொன்று ஆயின. ஆசிரியர்களைப் பொறுத்தவரை, புதிதாகச் சேர்ந்தவற்றுள் முக்கியமானது குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. அறிவிலும் முயற்சியிலும் குறைவில்லாத குழந்தை, வாசிப்பதிலோ, எழுதுவதிலோ, கணக்கிலோ மட்டும் விடாது இடர்ப்படும் நிலை அது. டிஸ்லெக்ஸியா என்று நாம் கேள்விப்படுவது அதன் ஒரு வகை.

இச்சட்டத்தின் 16ஆம் பிரிவு பள்ளியின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. வேற்றுமை பாராட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டடம் எல்லோரும் புழங்கத்தக்கதாக இருக்கவேண்டும். ஒவ்வொரு குழந்தையின் தேவைக்கும் ஏற்ப, பள்ளியால் தாங்கக்கூடிய தகுந்த மாற்றங்களைச் செய்யவேண்டும். இதையே சட்டம் நியாயமான வசதியமைப்பு என்கிறது. கற்றல் குறைபாட்டை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் கண்டறிந்து, கற்பிக்கும் முறையில் பரிகாரம் தேடவேண்டும். 31ஆம் பிரிவு, நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உடையதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அளிக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நாற்பது சதவீதம் என்னும் அளவு 31ஆம் பிரிவின் உரிமைக்கு வேண்டியது. 16ஆம் பிரிவின் கடமைகளுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. 'சான்றிதழ் வரட்டும், பிறகு பார்ப்போம்' என்று காத்திருக்கும் ஆசிரியர் சட்டத்தைச் சரியாகப் படித்தவர் ஆகமாட்டார். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் எட்டு வயது நிறைந்த குழந்தைகளுக்கே வழங்கப்பட்டது. ஆறு வயதில் தடுமாறும் குழந்தை உதவிக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள் அன்று.

இவ்வளவும் நாடு முழுவதற்கும் பொதுவானவை. எல்லைப்புறத்தில் இவற்றுடன் ஒரு தனிச் சிக்கல் சேர்ந்துகொள்கிறது. மொழி வேறுபாடும் கற்றல் குறைபாடும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே காணப்படும் என்பதே அச்சிக்கல்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் 1970ஆம் ஆண்டு ஒரு வழக்கு நடந்தது. டயானா வழக்கு என்று அதைக் கூறுவார்கள். வீட்டில் ஸ்பானிய மொழி பேசிய ஒன்பது குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என முடிவு செய்து, தனி வகுப்பில் வைத்திருந்தனர். ஸ்பானிய மொழியில் மறுபடி சோதித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்லர் என்று தெரிந்தது. வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. குழந்தையை அதன் தாய்மொழியிலும் சோதிக்கவேண்டும் என்பது அந்த உடன்பாட்டின் சாரம். 1975இல் அந்நாடு இயற்றிய சிறப்புக் கல்விச் சட்டம் இந்த விதியை நாடு முழுவதற்கும் உரியதாக்கியது. ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தில் ஒரு தனிக் கல்வித் திட்டம், இயன்ற அளவு பொது வகுப்பிலேயே கல்வி, பெற்றோரின் சம்மதம் என்று இன்று உலகெங்கும் வழங்கும் கொள்கைகள் பலவற்றை அச்சட்டத்தில் காணலாம்.

பாறசாலைப் பக்கத்துக் குழந்தை ஒன்றை இந்த வெளிச்சத்தில் பார்ப்போம். மலையாளத்தில் ககர ஒலிகளுக்கு நான்கு எழுத்துகள் உண்டு. தமிழில் ஒரே எழுத்துத்தான். இடத்தை நோக்கி ஒலி மாறும். வீட்டில் தமிழ் எழுத்தை முதலில் பழகிய சிறுவன் மலையாளம் எழுதும்போது அந்த நான்கையும் மாற்றி மாற்றி எழுதினால், அதை டிஸ்லெக்ஸியா என்று சொல்லிவிட முடியாது. அவன் தமிழின் கணக்கை மலையாளத்தில் போடுகிறான், அவ்வளவே. மலையாள வினைமுற்றுகளில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு இல்லை. மலையாளத்தில் பழகிய சிறுமி தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' என்ற விகுதிகளில் தடுமாறுவது இயல்பே. பலாப்பழத்தின் படத்தைக் காட்டிக் கேட்டால் அந்தப் பக்கத்துக் குழந்தை 'சக்கை' என்று சொல்லும். தண்ணீரைக் காட்டினால் 'வெள்ளம்' என்று சொல்லும். மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்த சோதனைத் தாளை வைத்துக்கொண்டு மதிப்பெண் போடுகிறவர், இவ்விரண்டையும் பிழை என்று தள்ளிவிடக்கூடும். அந்த ஊரில் அவை பிழையற்ற சொற்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அது இதைவிடக் கொடியது. உண்மையிலேயே காது மந்தமாக இருக்கும் குழந்தையை, அல்லது கற்றல் குறைபாடு உள்ள குழந்தையை, 'தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, மலையாளம் வரவில்லை, போகப் போகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுகிறோம். எல்லைக்கு அந்தப் பக்கத்தில், 'மலையாளம் கலந்து பேசுகிற வீடு, அதனால் தமிழ் வரவில்லை' என்று சமாதானம் சொல்லுகிறோம். இவ்வாறு காரணம் காட்டி ஐந்தாறு ஆண்டுகளை இழந்துவிட்டால், பிறகு எந்தச் சட்டமும் அவற்றைத் திருப்பித் தராது.

ஆகவே, ஆசிரியர் எவ்வாறு பிரித்தறிவது? முதலில், கண்ணையும் காதையும் சோதிக்கச் செய்யவேண்டும். இவ்விரண்டும் நன்றாக இருக்கின்றன என்று தெரியாமல் வேறு எதையும் முடிவு செய்யலாகாது. இரண்டாவதாக, தடுமாற்றம் இரு மொழிகளிலும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மலையாளத்தில் திணறும் குழந்தை, வீட்டுப் பேச்சில் ஒரு கதையை முறையாகச் சொல்லுமானால், தமிழ் எழுத்தைக் கற்பித்தவுடன் பற்றிக்கொள்ளுமானால், அதற்குத் தேவை மொழிப் பயிற்சி. இரு மொழிகளிலும் ஒரே வகையான இடர் தோன்றுமானால் ஐயுறவேண்டும். தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான ஓர் இயல்பு இங்கே துணை செய்யும். 'கெ' என்பதில் குறி முன்னே நிற்கிறது, அதன் ஒலி பின்னே வருகிறது. 'கொ' என்பதில் குறி இரு பக்கமும் நிற்கிறது. இரு மொழிகளிலும் இது ஒன்றே. பல மாதப் பயிற்சிக்குப் பின்னும் இக்குறிகளில் இரு மொழிகளிலும் ஒருபோலத் தடுமாறுகிற குழந்தையைத் தனியே கவனிக்கவேண்டும். நம் மொழிகளில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துச் செல்வதால், கற்றல் குறைபாடு பிழையாக வெளிப்படாமல் மிக மெதுவான வாசிப்பாக மட்டும் வெளிப்படுவதும் உண்டு.

மூன்றாவதாக, தாயைக் கேட்கவேண்டும். குழந்தை எந்த வயதில் பேசத் தொடங்கியது, உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டால் எப்படி, கடைக்கு அனுப்பினால் சொன்னதை நினைவில் வைத்து வாங்கி வருகிறதா என்று, அவர் வீட்டில் பேசும் மொழியிலேயே கேட்கவேண்டும். ஆசிரியருக்கு அம்மொழி தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை அழைத்துக்கொள்வதில் இழிவொன்றும் இல்லை. நான்காவதாக, அதே மொழிச் சூழலில் வளர்ந்த மற்றக் குழந்தைகளோடு ஒப்பிடவேண்டும். ஒரு தெருவிலிருந்து வருகிற பத்துக் குழந்தைகளும் ஒரே பிழையைச் செய்தால், குறை குழந்தைகளிடத்தில் இல்லை, பாடத்தில் இருக்கிறது. ஒன்பது பேர் முன்னேறி ஒருவன் மட்டும் நின்றுவிட்டால், அவனை நிபுணரிடம் அனுப்பவேண்டும்.

அனுப்புவதற்கு இடங்கள் இருக்கின்றன. வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிக்கு மிக அருகில் உள்ளவர்கள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. பேச்சு, செவித்திறன் ஆகியவற்றுக்கு 1997இல் நிறுவப்பட்ட தேசியப் பேச்சு, செவித்திறன் நிலையம் ஆக்குளத்தில் இருக்கிறது. எங்கே அனுப்பினாலும், 'இக்குழந்தையின் வீட்டு மொழி தமிழ். எங்கள் வட்டார வழக்கு' என்று ஒரு வரி எழுதி அனுப்புவது ஆசிரியரின் கடமை. சோதிப்பவர் அந்த ஒரு வரியைக் கண்டால், கேள்வியை வேறு விதமாகக் கேட்பார்.

இரு மாநிலக் குடும்பங்களுக்கு மற்றோர் ஐயமும் எழுவதுண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் வாங்கிய சான்றிதழ் கேரளப் பள்ளியில் செல்லுமா? செல்லும். குறைபாட்டுச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லத்தக்கது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு கூறுகிறது. மாநில அரசுகள் தரும் உதவித்தொகைகள் குடியிருப்பைப் பொறுத்தவை, அவை வேறு. சொல்லிலும் எல்லை உண்டு: தமிழில் மாற்றுத்திறனாளி என்பவர் மலையாளத்தில் பின்னசேஷிக்காரர் ஆகிறார். படிவத்தில் எந்தச் சொல் இருந்தாலும் உரிமை ஒன்றே என்பதைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்லவேண்டும்.

தேர்வைப் பற்றியும் ஒரு சொல். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கு அரசு வகை செய்யவேண்டும் என்று அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. கேரளப் பள்ளிகளில் மலையாளம் கற்பித்தலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதால், கற்றல் குறைபாடுள்ள தமிழ்க் குழந்தைக்கு இவ்விலக்கு மிகவும் முக்கியமானது. தலைமையாசிரியர் வழியாக உரிய ஆணையைப் பெற்றுத் தருவது நம் பொறுப்பு. ஆனால் விலக்கு வேறு, விலக்கி வைத்தல் வேறு. பேருந்துப் பலகையும், ஆஸ்பத்திரிச் சீட்டும், பஞ்சாயத்து அறிவிப்பும் மலையாளத்தில் இருக்கும் ஊரில், தேர்வுச் சுமையை நீக்கிவிட்டுப் பேச்சுமொழியையும் அன்றாட வாசிப்பையும் தொடர்ந்து கற்பிப்பதே அறிவுடைமை. தமிழை விட்டுவிடச் செய்வதும் தவறு. குழந்தை தன் பாட்டியோடு பேசும் மொழி அது.

நிறைவாக, தனிக் கல்வித் திட்டம் பற்றிச் சொல்லவேண்டும். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. குழந்தை இன்று எங்கே நிற்கிறது, எங்கே போய்ச் சேரவேண்டும், யார் கற்பிப்பார், எப்படி அளப்பது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை எழுதிய தாள் அது. 'வாசிப்பில் முன்னேற வேண்டும்' என்று எழுதினால் பயனில்லை. 'கொ, கோ வரும் இருபது சொற்களில் பதினெட்டை மூன்று மாதத்திற்குள் பிழையின்றி வாசிக்கவேண்டும். நாள்தோறும் பத்து நிமிஷம். முதலில் தமிழில், பிறகு மலையாளத்தில்' என்று எழுதினால், அது திட்டம். இதைத் தனியொருவராகச் செய்வது கடினமே. உயர்நீதிமன்றங்களுக்கெல்லாம் மேலான உச்சநீதிமன்றம் 2021இல், தொடக்க வகுப்புகளில் இத்தகைய பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்றும், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்றும் அளவு வகுத்தது. அந்த அளவு நிறைவேறவேண்டும் என்று கேட்பது ஆசிரியர் சங்கங்களுக்கும் பெற்றோர் கழகங்களுக்கும் உரிய பணி. அதுவரையில், வகுப்பாசிரியரே முதல் நிபுணர்.

பதிவேட்டில் ஒரு குழந்தையைப் பற்றி ஒரு சொல்லை எழுதுமுன், இரண்டு மொழிகளிலும் கேட்டோமா, கண்ணையும் காதையும் பார்த்தோமா, தாயிடம் பேசினோமா என்று நம்மை நாமே வினவிக்கொள்வோம். எழுதிய பிறகு, அந்தச் சொல் அக்குழந்தைக்கு எந்த உரிமையைப் பெற்றுத் தருகிறது என்றும் பார்ப்போம். யாதொரு உரிமையையும் பெற்றுத் தராத சொல்லாக இருந்தால், அதைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவதே முறை.